விடால் டெஸ்ட் நெகட்டிவ் ஆகும்வரை மாத்திரை சாப்பிட வேண்டுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் ராணிப்பேட்டை பக்கம் இருக்கிறோம். மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஜூன் மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் விடவில்லை. டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல் நின்றதும் அவனே மாத்திரையை நிறுத்திவிட்டான். ஜூலையில் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் வைத்துப் பார்த்து, டைபாய்டுதான் என்று உறுதிசெய்து பத்து நாள் ஊசி போட்டார்கள். நவம்பர் மழையில் மூன்றாம் தடவை. தெருமுனை லேபில் விடால் டெஸ்ட் 1:320 பாசிட்டிவ். மறுபடி ஐந்து நாள் ஊசி. இப்போது காய்ச்சல் இல்லை. ஆனால் மாதாமாதம் டெஸ்ட் எடுத்தும் 1:160-க்குக் கீழே இறங்கவில்லை. நெகட்டிவ் ஆகும்வரை மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். டைபாய்டு ரத்தத்திலேயே தங்கிவிட்டதா? என் மாமியாருக்கு இருபத்தைந்து வருடத்துக்கு முன் டைபாய்டு வந்ததாம், பித்தப்பையில் கல்லும் இருக்கிறது. சமையல் அவர்தான். அவரிடமிருந்து பரவியிருக்கலாம் என்று நர்ஸிங் படிக்கும் என் அண்ணன் மகள் அவர் காதுபடவே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாமியார் சமையலறைப் பக்கமே வருவதில்லை, என்னோடும் பேசுவதில்லை. பையனுக்குச் சோறு கொடுக்கலாமா? தலைமுடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எப்படித் தடுப்பது?

பதில்: முதலில் அந்த மாதாந்திர டெஸ்டை நிறுத்துங்கள் அம்மா. பையன் நன்றாகச் சாப்பிட்டு, காய்ச்சல் இல்லாமல் பள்ளிக்கூடம் போய்வருகிறான் என்றால் மாத்திரைக்கும் வேலையில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் ஜூலை மாதக் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் இந்தப் பதிலையும் காட்டி, நேராகவே கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடால் என்பது 1896-இல் ஃபெர்னான்ட் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்த சோதனை. அது டைபாய்டு கிருமியைத் தேடுவதில்லை. அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறது. ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரான சீரத்தை 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எதுவரை கிருமித் துகள்கள் திரிகின்றன என்று கவனிப்பார்கள். 160 மடங்கு நீர்த்த பிறகும் திரிந்தால் 1:160. அவ்வளவுதான் கணக்கு. திருடன் ஓடிப்போன பிறகும் நாய் குரைத்துக்கொண்டிருக்கும் இல்லையா, அதுபோல நோய் போன பிறகும் இந்த எதிர்ப்புப் பொருள் மாதக் கணக்கில் தங்கியிருக்கும். ஜூலையில் கல்ச்சரிலேயே டைபாய்டு உறுதியான பையனுக்கு டிசம்பரில் விடால் பாசிட்டிவ் வருவதில் ஆச்சரியமே இல்லை.

நான் மருத்துவம் படித்தபோது மைக்ரோபயாலஜி வகுப்பில் எங்கள் ரத்தத்தையே எடுத்து விடால் போடச் சொன்னார்கள். எனக்கு 1:80. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு 1:160. இருவரும் அன்று மதியம் ஹாஸ்டலில் பிரியாணியை ஒரு கை பார்த்தோம். நம் ஊர் தண்ணீரையும் சாப்பாட்டையும் வைத்துப் பார்த்தால், பலர் இந்தக் கிருமியை எப்போதோ சந்தித்திருப்பார்கள். சில வகை டைபாய்டு தடுப்பூசி போட்டிருந்தாலும், வேறு சில காய்ச்சல்களிலும்கூட இந்த டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும். இன்னொரு பக்கம், நிஜமாகவே டைபாய்டு வந்தவருக்கு முதல் வாரத்தில் நெகட்டிவாகவும் இருக்கும். கார்டில் கோடு விழுகிற டைஃபிடாட் டெஸ்டையும் நான் பெரிதாக நம்புவதில்லை.

அப்புறம், உங்கள் பையனுக்கு மூன்று தடவையும் வந்தது என்ன? கடிதத்தை மட்டும் வைத்து என் ஊகத்தைச் சொல்கிறேன். ஜூனில் வந்தது டைபாய்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜூலையில் வந்தது புதிதாகத் தொற்றியது இல்லை, பழையதே திரும்பியது. மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று வாரம் கழித்து டைபாய்டு மறுபடி தலைகாட்டுவது தெரிந்த விஷயம். முழுதாக மருந்து சாப்பிட்டவர்களிலும் சிலருக்கு அப்படி நடக்கும், நாலாம் நாளே நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். நவம்பர் காய்ச்சல்தான் எனக்கு உறுத்துகிறது. கல்ச்சர் எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை, விடாலை மட்டும் பார்த்து ஊசி போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஐந்தாறு நாளில் இறங்குகிற காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம், சாதாரண வைரஸாக இருக்கலாம். எதுவானாலும் ஊசி போட்டதால் இறங்கியது என்று பெயர் ஊசிக்குப் போய்விடும்.

இதில் எனக்கு உண்மையான பயம் ஒன்று உண்டு. வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் நிறைய வரும். டைபாய்டு, டைபஸ் என்று பெயர்தான் ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கிறது, நோய் வேறு. புதர், புல்வெளிகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிற்றுக்கு அடியில் என்று ஒளிந்திருக்கும். துணியை விலக்கித் தேடினால்தான் அகப்படும். டைபாய்டுக்குப் போடும் ஊசி இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை அருமையாகக் கேட்கும். விடால் பாசிட்டிவ் என்று ஒரு வாரம் டைபாய்டு ஊசி போட்டுவிட்டு, மூச்சுத் திணறலோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிய நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் பார்க்காவிட்டாலும் நீங்கள் அந்தப் பொருக்கைத் தேடுங்கள்.

டைபாய்டை உறுதிசெய்ய நம்பகமான வழி ரத்தக் கல்ச்சர். ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பதற்கு முன், முடிந்தால் முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு எட்டு பத்து மில்லி ரத்தம் வேண்டும். "இவ்வளவு ரத்தமா எடுப்பார்கள்" என்று பயப்படாதீர்கள், குறைவாக எடுத்தால் கிருமி சிக்காது. ரிசல்ட் வர இரண்டு முதல் ஐந்து நாளாகும். கல்ச்சரும் எல்லா டைபாய்டையும் பிடித்துவிடாது, நூறில் ஐம்பது அறுபதைத்தான் பிடிக்கும். ஆனால் பிடித்தால் அது பொய் சொல்லாது. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். இன்று அதுதான் முக்கியம். ஒரு காலத்தில் டைபாய்டு என்றாலே சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைதான். இப்போது தெற்காசியா முழுக்க அது பெரும்பாலும் கேட்பதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இலிருந்து செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காத டைபாய்டு பரவியது. அங்கே வாய்வழி மருந்தில் அஸித்ரோமைசின் ஒன்றுதான் கைகொடுத்தது. சளிக்கும் இருமலுக்கும் மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அதே அஸித்ரோமைசின்.

கல்ச்சருக்கு முன் ஒரு சின்னத் துப்பு, சாதாரண ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டில் இருக்கும். டைபாய்டில் வெள்ளை அணுக்கள் அதிகம் ஏறாது, ஈசினோபில் என்ற வரியில் பெரும்பாலும் பூஜ்ஜியம் இருக்கும். இது நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் ஈசினோபில் எட்டு சதவீதம் காட்டும் ரிப்போர்ட்டோடு ஒருவர் வந்து டைபாய்டு என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

காய்ச்சலின் போக்கையும் சொல்லிவிடுகிறேன். கிருமியின் பெயர் சால்மோனெல்லா டைபி. நம் பக்கம் குடற்காய்ச்சல் என்பார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு அது நெருப்புக் காய்ச்சல். மாடு, கோழி எதிலும் இது குடியிருப்பதில்லை, மனிதனிடம் மட்டும்தான். ஒருவரின் மலம் எப்படியோ இன்னொருவரின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தால்தான் வரும். கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் தடுப்பு முறை முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. உள்ளே போன கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதி வழியாகப் புகுந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவிப் பெருகி, ஒன்றிரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் இறங்கும்போதுதான் காய்ச்சல் தொடங்கும். அதனால் நேற்றுச் சாப்பிட்ட பானிபூரிக்கு இன்று டைபாய்டு வராது, இரண்டு வாரத்துக்கு முன் சாப்பிட்டதைத்தான் யோசிக்க வேண்டும்.

காய்ச்சல் படிப்படியாக ஏறும். மாலையில் கூடும். தலைவலி, நாக்கில் வெள்ளைப் படிவு, வயிற்று மந்தம். பேதி ஆகியே தீரும் என்றில்லை, பெரியவர்களுக்கு மலச்சிக்கலே அதிகம். மூன்றாம் வாரத்தில்தான் ஆபத்து. குடலில் புண் ஏற்பட்டு ரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது, பிதற்றுவது, தொடர் வாந்தி, இதில் எது தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று விளக்கெண்ணெய் கொடுப்பது, எனிமா வைப்பது இரண்டும் கூடவே கூடாது. சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாளாகும். இரண்டாம் நாளே டாக்டரை மாற்றி, மருந்தை மாற்றி, ஊசி போட்டு உடனே இறக்குகிறவரைத் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

சோறு பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகக் கொடுங்கள். இருபத்தோரு நாள் பத்தியம், ரஸ்க், ஆரோரூட் கஞ்சி என்று பட்டினி போட்டது மருந்து இல்லாத காலத்துப் பழக்கம். காய்ச்சல் இருக்கும்போதே குழைந்த சோறு, பருப்பு, ரசம், இட்லி, அவித்த முட்டை கொடுக்கலாம். உங்கள் பையனுக்கு இப்போது காய்ச்சலும் இல்லை. கறிக்குழம்பே கேட்டாலும் மறுக்காதீர்கள்.

இனி உங்கள் மாமியார். அண்ணன் மகள் சொன்னதில் பாடப்புத்தக உண்மை இருக்கிறது, சொன்ன விதம்தான் சரியில்லை. டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, மலத்தில் மட்டும் விட்டுவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கும். பெண்களிடமும், பித்தக்கல் உள்ளவர்களிடமும் இது கூடுதல். இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் மேரி மாலன். அயர்லாந்திலிருந்து நியூயார்க் போய், பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். அவர் வேலை செய்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் டைபாய்டு வந்தது. 1907-இல் அவரைப் பிடித்துத் தீவு ஒன்றில் தனியாக வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று சொன்னதால் 1910-இல் விட்டார்கள். 1915-இல் வேறு பெயரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி பிடிபட்டார். 1938-இல் இறக்கும்வரை வெளியே விடவில்லை. எனக்கு ஒரு நாள்கூட உடம்புக்கு வந்ததில்லையே, என்னை ஏன் அடைத்தீர்கள் என்பதுதான் அவருடைய வாதம். அவருக்கு வேறு பிழைப்பு ஒழுங்காக ஏற்பாடு செய்யாமல் சமைக்காதே என்று மட்டும் சொன்னது நியாயமா என்று எனக்கு இன்னும் தோன்றும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொதித்த குழம்பிலும் சோற்றிலும் கிருமி பிழைக்காது. மேரி மாலன் விஷயத்தில் சந்தேகம் விழுந்தது பச்சைப் பீச் பழம் கலந்த ஐஸ்கிரீம் மேல். உங்கள் மாமியார் இருபத்தைந்து வருடமாக வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டிருக்கிறார், இத்தனை காலத்தில் நோய் வந்தது பையன் ஒருவனுக்குத்தான். அவனோ டியூஷன், கிரிக்கெட் என்று வெளியே சுற்றுகிற வயது. என் சந்தேகம் மாமியார் மேல் விழவில்லை. மனம் ஆறவில்லை என்றால் அவருக்கு மலக் கல்ச்சர், சில நாள் இடைவெளியில் மூன்று தடவை எடுத்துப் பார்க்கலாம். அதை அவருக்கு மட்டும் எடுக்காமல், வீட்டில் எல்லோருக்கும் எடுக்கிறோம் என்று சொல்லி எடுங்கள். பாசிட்டிவ் வந்தாலும் நாலு வார மாத்திரையில் பெரும்பாலும் சரியாகும், கல் இருப்பதால் சிலருக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டிவரும். அதுவரை அவர் சோப்பு போட்டுக் கைகழுவிவிட்டுச் சமைத்தால் போதும், சட்னி, சாலட் மட்டும் நீங்கள் செய்யுங்கள். இன்றைக்கே போய், ஒரு வாய் ரசம் வைத்துக் கொடுங்கள் அத்தை என்று கேளுங்கள். கல்ச்சர் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தடுப்பது பற்றி. டைபாய்டைக் குணப்படுத்தும் முதல் மருந்தான குளோராம்ஃபெனிகால் 1948-இல்தான் வந்தது. அதற்கு வெகு முன்பே அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் டைபாய்டு மளமளவென்று குறைந்துவிட்டது. தண்ணீரை வடிகட்டி, குளோரின் போட்டு, சாக்கடையைத் தனியாகக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். நம் நிலைமை வேறு. 2017 முதல் 2020 வரை நாட்டில் நாலு இடங்களில் குழந்தைகளை வாராவாரம் கண்காணித்து ஓர் ஆய்வு நடந்தது. வேலூரும் அதில் ஒன்று. நகர்ப்பகுதிகளில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1173 பேருக்கு டைபாய்டு. புனே அருகே கிராமப்புறத்தில் வெறும் 35. நெரிசலும் குழாயும் செய்கிற வித்தியாசம் இது.

குழாய் என்றதும் ஒரு விஷயம். நம் ஊர்களில் தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் வருவதில்லை. விடாத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும். பக்கத்திலேயே சாக்கடை ஓடும். எங்காவது விரிசல் இருந்தால் கழிவு உள்ளே கசியும். இதில் தெருக் குழாய் இணைப்பில் மோட்டார் போட்டு உறிஞ்சினால், விரிசல் வழியாகச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சுகிறோம் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் அப்படி மோட்டார் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். தண்ணீர் விட்டதும் முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வருவதைச் செடிக்கு விடுங்கள். சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் எவ்வளவு தூரம், சம்ப் மூடி தரைமட்டத்தில் இருக்கிறதா, மழைநீர் உள்ளே இறங்குகிறதா, இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்து பாருங்கள்.

குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதிவந்து ஒரு நிமிடம் போதும், பாதியாக வற்ற வேண்டியதில்லை. ஆனால் கொதிக்கவைத்த தண்ணீரைப் பழைய குடத்தில் ஊற்றி, அதில் டம்ளரை விரலோடு முக்கி எடுத்தால் செய்த வேலை அத்தனையும் வீண். குழாய் வைத்த பாத்திரம், இல்லையென்றால் நீளப் பிடி வைத்த கரண்டி. கேன் தண்ணீர் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையும் சீலும் பார்த்து வாங்குங்கள், உள்ளே பச்சையாகப் பாசி தெரிகிற கேனைத் திருப்பி அனுப்புங்கள். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும், டம்ளர் யாருடையதாக இருந்தாலும் பயமில்லை.

வெளியே சாப்பிடாதே என்று பிளஸ் டூ பையனிடம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்ச் சாப்பிடுவான். எது ஆபத்து என்று சொல்லிக் கொடுங்கள். ஆவி பறக்கும் இட்லியில் பயமில்லை. பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த தேங்காய்ச் சட்னியும், ஒரே வாளியில் முக்கி எடுத்த ஈரத் தட்டும்தான் பிரச்சினை. சுடச்சுடப் போடும் பஜ்ஜி பரவாயில்லை, பானிபூரித் தண்ணீர் கூடாது. புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம். ஜூஸ் கடையில் "ஐஸ் வேண்டாம்" என்று சொல்லப் பழகட்டும். கூடவே ஒன்று: நம் வயிற்று அமிலம்தான் இந்தக் கிருமிக்கு முதல் காவல். தினமும் காலையில் காரணமில்லாமல் கேஸ் மாத்திரை போடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், அந்தக் காவலைத் தாங்களே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

தடுப்பூசி அவசியம் போடுங்கள். ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பது அம்மைக்குச் சரி, டைபாய்டுக்குப் பொருந்தாது. டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி என்று கேளுங்கள். ஹைதராபாத்தில் தயாரான அந்த வகை ஊசியைத்தான் 2017 கடைசியில் உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக அங்கீகரித்தது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து போடலாம், ஒரே ஊசி. நேபாளத்திலும் மலாவியிலும் சோதித்தபோது நூற்றுக்கு எண்பது பங்கு பாதுகாப்பு கிடைத்தது. மீதி இருபதுக்குத்தான் தண்ணீர்ப் பாத்திரமும் சோப்பும். பாராடைபாய்டு என்ற தம்பி நோயை இது தடுக்காது. உங்கள் பையன் குணமாகிப் பல மாதம் ஆகிவிட்டதால் இப்போதே போடலாம். உங்களுக்கும் கணவருக்கும் நாற்பத்தைந்துக்குள் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். 

முடி கொட்டுவது ஜூலைக் காய்ச்சலின் பாக்கி. பெரிய காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பகுதி ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். வேர் அப்படியே இருக்கிறது. எண்ணெயை மாற்ற வேண்டாம், மொட்டையும் அடிக்க வேண்டாம். முட்டை, பயறு, கீரை கொடுங்கள். பப்ளிக் எக்ஸாம் ஹால் டிக்கெட் வரும் சமயத்தில் நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.